கடலுக்குள்ளும் வெயில் சுடும்

(தொழிலாளர் – விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வழக்கமாக இந்த வகுப்பில் கூலி, பஞ்சப்படி, நிலம், குத்தகை என்றுதான் பேசுவோம். இன்று கடலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சூரியனின் புற ஊதாக் கதிர் கடல் பிராணிகளை எப்படித் தாக்குகிறது, அவை எப்படித் தம்மைக் காத்துக்கொள்கின்றன, அந்தக் காப்பைக் குலைத்தவர்கள் யார் என்பதுதான் விஷயம். மீனுக்கு ஏது வெயில், அது தண்ணீருக்குள்ளே தானே கிடக்கிறது என்று ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குவோம்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தோழர்களுக்கு வெயிலைப் பற்றி நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் வருவதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. உடம்பில் சூடாக உறைக்கிற கதிர் வேறு, தோலைக் கருக்கி உரிக்கிற கதிர் வேறு. பின்னது கண்ணுக்குத் தெரியாது. மில் ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வைக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கண்ணாடி இல்லாமல் பகலில் அந்தத் தீப்பொறியைப் பார்த்துவிட்டால், ராத்திரி கண்ணில் மணலை வாரிப் போட்டது போல் உறுத்தும். அப்படி உறுத்த வைப்பதும் புற ஊதாக் கதிர்தான்.

1801இல் ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். மருந்துக் கடையில் வேலை பழகி மேலே வந்தவர் அவர். சூரிய ஒளியைப் பட்டைக் கண்ணாடியில் விட்டு நிறம் நிறமாகப் பிரித்து, வெள்ளி உப்பு தடவிய காகிதத்தில் விழச் செய்தார். ஊதா நிறத்துக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில்தான் காகிதம் மிக வேகமாகக் கறுத்தது. ஊதாவுக்குப் புறத்தே இருப்பதால் புற ஊதா. விஞ்ஞானிகள் அதை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். அந்தக் கணக்கில் 400 முதல் 315 வரை 'ஏ' கதிர், 315 முதல் 280 வரை 'பி' கதிர், அதற்கும் கீழே 'சி' கதிர். அலை குறுகக் குறுகக் கதிரின் கொடுமை கூடும். 'சி' கதிர் பூமிக்கு வந்து சேருவதே இல்லை. 'பி' கதிரிலும் பெரும் பகுதியை வானத்தில் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவியிருக்கும் ஓசோன் வாயு குடித்துவிடுகிறது. அந்த ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் கனம்தான் தேறும். ஒரு சட்டைப் பித்தான் கனம்! அவ்வளவுதான் நமக்குக் கூரை.

அந்தக் கூரை ஆதியில் இருக்கவில்லை. ஹால்டேன் என்ற விஞ்ஞானியின் பெயரைத் தோழர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளின் 'டெய்லி வொர்க்கர்' பத்திரிகையில் தொழிலாளர்களுக்காக விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர். 1957இல் நம் நாட்டுக்கே வந்து குடியேறி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானவர். 1929இல் அவர் எழுதினார்: ஆதியில் காற்றில் பிராண வாயு இல்லை, ஆகவே ஓசோனும் இல்லை, புற ஊதாக் கதிர் தடையில்லாமல் கடல்மீது விழுந்தது, அதன் வேகத்தில்தான் உயிருக்கு மூலமான பொருள்கள் உருவாகியிருக்க வேண்டும் என்று. உயிரின் பிறப்புக்கு வேறு வழிகளையும் இன்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். ஆனால் ஒன்று நிச்சயம். பச்சைப் பாசிகள் கோடிக்கணக்கான வருஷம் பிராண வாயுவை வெளியிட்டு, அது ஓசோனாகி மேலே படர்ந்த பிறகே ஜீவராசிகள் துணிந்து கரையேறின. அதுவரை தண்ணீர்தான் அவற்றுக்கு நிழல்.

அந்த நிழல் முழு நிழல் அல்ல. ஆற்று முகத்தில், கலங்கல் தண்ணீரில் புற ஊதா 'பி' கதிர் ஓரிரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும். தெளிந்த நடுக்கடலிலோ 20 மீட்டர் ஆழத்துக்கும் இறங்கும். கடலின் விளைநிலம் அந்த மேல்தட்டுத்தான். நுண்பாசி வெளிச்சம் கண்ட இடத்தில்தான் விளையும். அதைத் தின்னும் பூச்சி போன்ற சிறு ஜீவன்கள் அங்கேதான் கூடும். மிதக்கும் மீன் முட்டைகளும் கண் திறக்காத குஞ்சுகளும் அங்கேதான். கடலின் சாப்பாடும் தொட்டிலும் ஒரே இடத்தில், கதிர் பாயும் இடத்தில் இருக்கின்றன.

ஒட்டிக்கொண்ட இழைகள்

கதிர் உள்ளே போய் என்ன செய்கிறது? தறிக்காரத் தோழர்களுக்கு நான் சொன்னால் சட்டென்று விளங்கும். ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற ஒரு நூல் இருக்கிறது. இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூல். உடம்பு எப்படி வளர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவெல்லாம் அந்த நூலில் எழுத்தெழுத்தாகக் கோத்திருக்கிறது. புற ஊதா 'பி' கதிர் பட்டால், பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாவில் கஞ்சிப் பசை கூடி இரண்டு இழை ஒட்டிக்கொண்டால் தறி என்ன ஆகும்? ஓடாது, அல்லது ஓடி இழையை அறுக்கும், அல்லது துணியில் பழுது விழும். உயிரணுவிலும் இதே மூன்றுதான். அணு பிரிவது நிற்கும், அல்லது அணு சாகும், அல்லது தப்பான உத்தரவோடு பிரிந்து வளரும். வளர்ந்த மீனுக்குத் தோலில் நாலு அணு செத்தால் நஷ்டமில்லை. ஒரே அணுவிலிருந்து இரண்டாகி, நாலாகிப் பெருகிக்கொண்டிருக்கும் முட்டைக்கு அது உயிர் போகிற விஷயம். இன்னொரு சேதமும் உண்டு. கதிர் பட்டு உடம்புக்குள் பிராண வாயு வெறி பிடித்த வடிவங்களை எடுத்து, கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கும். மீன்களின் நோய் எதிர்ப்புச் சக்தி இக்கதிரால் குன்றுவதையும் ஆராய்ச்சிக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள்.

ஒட்டிய இழையைப் பிரிக்க ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1949இல் அமெரிக்காவில் கெல்னர், டல்பெக்கோ என்ற இருவர் தனித்தனியாக ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். புற ஊதாக் கதிரில் அடிபட்டுச் சாக வேண்டிய நுண்ணுயிர்கள், சாதாரண வெளிச்சத்தில் வைத்ததும் பிழைத்துக்கொண்டன. காரணம், உயிரணுவுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. நீல வெளிச்சத்தை வாங்கி, அந்த வேகத்தில் ஒட்டிய எழுத்துகளைப் பிரித்துவிடுகிறது. அது வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் துருக்கியில் பள்ளிக்கூடமே காணாத விவசாயப் பெற்றோருக்குப் பிறந்த அஜீஸ் சன்ஜார். டி.என்.ஏ. பழுது பார்க்கும் ஆராய்ச்சிக்காக 2015இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். மீனுக்கும் பவளத்துக்கும் கடல் முள்ளெலிக்கும் இந்தப் பழுதுக்காரன் உண்டு. நமக்கும் ஆடு மாட்டுக்கும் திமிங்கலத்துக்கும் இல்லை. நாம் கெட்ட இடத்தை வெட்டியெறிந்து புது இழை கோக்கும் நீண்ட வழியில்தான் போக வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். அடிக்கிறதும் சூரியன், ஆற்றுகிறதும் சூரியன். ஆனால் அடிப்பது 'பி' கதிர், ஆற்றுவது நீல வெளிச்சம். ஓசோன் குறைந்தால் 'பி' கதிர் கூடும். நீல வெளிச்சம் கூடாது. வேலைப் பளு ஏறுகிறது, ஆள் பலம் ஏறவில்லை. மில்லில் ஒரு ஆளுக்கு இரண்டு தறி இருந்த இடத்தில் நாலு தறி தலையில் கட்டினால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

முள்ளெலி முட்டைக்குக் கொடுக்கும் சீதனம்

பழுது பார்ப்பதைவிடப் பழுது வராமல் தடுப்பது மேல் அல்லவா? அதற்கும் கடல் ஜீவன்கள் வழி தேடியிருக்கின்றன. சுலபமான வழி ஒளிந்துகொள்வது. சிறு மிதவை ஜீவன்கள் பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடும், இருட்டியதும் மேலே வந்து பாசி மேயும். நிரந்தர ராத்திரி ஷிப்ட்! மேலே திரியும் மீன்களின் கண்ணுக்குத் தப்புவதற்கும் அதே வழிதான். மிதக்கும் முட்டையால் அப்படி இறங்க முடியாது.

ஆகவே முட்டைக்கு வேறு காப்பு. 1969இல் ஷிபாட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானி ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் பவளங்களிலும் பாசிகளிலும் ஒரு பொருளைக் கண்டார். நிறமே கிடையாது, ஆனால் புற ஊதாக் கதிரை அப்படியே குடித்து வெறும் சூடாக மாற்றிவிடும். இந்த இனத்துப் பொருள்களைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் தயாரிக்கின்றன. பெரும்பாலான கடல் பிராணிகளுக்குத் தயாரிக்கத் தெரியாது. பாசியைத் தின்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடல் முள்ளெலியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து போல் உடம்பு, சுற்றிலும் முள். அட்லாண்டிக்கின் வடகரையில் பச்சை முள்ளெலி என்று ஓர் இனம். அமெரிக்காவில் ஆடம்ஸ், ஷிக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சில முள்ளெலிகளுக்கு இந்தக் காப்புப் பொருள் நிறைந்த சிவப்புப் பாசியும், சிலவற்றுக்கு அது இல்லாத பழுப்புப் பாசியும் தீனியாகக் கொடுத்தார்கள். சிவப்புப் பாசி தின்ற தாய் அந்தப் பொருளைத் தன் முட்டைகளில் சேர்த்து வைத்தது. முட்டைகள் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியபோது, அந்த முட்டைகள் அவ்வளவாகத் தடுமாறாமல் வளர்ந்தன; மற்றவை பிரிவதில் வெகுவாகப் பின்தங்கின. தாய்க்கு என்ன சாப்பாடு கிடைத்தது என்பது பிள்ளையின் விதியைத் தீர்மானிக்கிறது. கடலுக்கு மட்டும் உள்ள சட்டம் அல்ல இது.

மீன்கள் ஒரு படி மேலே. காட் என்ற மீனின் சினையில் 1980களின் ஆரம்பத்தில் காடுசால் என்ற ஒரு பொருளைக் கண்டார்கள். அதுவும் கதிரைக் குடிப்பதுதான். தீனியிலிருந்து வருவதாகவே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2015இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மீன்கள் அதைத் தாமே தயாரிக்கின்றன என்று நிரூபித்தார்கள்.

திமிங்கலத்துக்கு ஓடும் இல்லை, செதிலும் இல்லை, ரோமமும் இல்லை. மூச்சு விட மேலே வந்தே தீர வேண்டும். மெக்ஸிகோவை ஒட்டிய கலிபோர்னியா வளைகுடாவில் 2007 முதல் 2009 வரை ஆராய்ச்சியாளர்கள் மூன்று இனத் திமிங்கலங்களின் தோலைப் படம் பிடித்து, சிறு துணுக்கும் எடுத்துப் பார்த்தார்கள். வெயிலில் வெந்த மனிதத் தோலில் இருப்பது போன்றே கொப்புளங்களும் சிதைந்த அணுக்களும் இருந்தன. வெளிர்ந்த தோலுடைய நீலத் திமிங்கலத்தில் கொப்புளம் வருஷத்துக்கு வருஷம் கூடியது. கறுத்த தோலுடைய துடுப்புத் திமிங்கலத்தில் சேதம் குறைவு. அம்பர் தரும் பெருந்தலைத் திமிங்கலம் நீண்ட நேரம் நீர்மட்டத்தில் கிடந்து மூச்சு வாங்கும். அதற்கும் நிறையக் காயம். தோலைக் கறுக்க வைக்கும் அதே மெலனின்தான் அங்கும் காவல். கறுப்பைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தென் துருவத்தில் விழுந்த ஓட்டை

இத்தனை காப்பும் பல கோடி வருஷமாக, ஓரளவு நிலையான ஓசோன் கூரைக்கு ஏற்றபடி அமைந்தவை. அந்தக் கூரையில் கை வைத்தது யார்?

1930 வாக்கில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்காக மிட்ஜ்லி என்பவர் குளிர்பெட்டிகளுக்கு ஏற்ற ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார். குளோரோ புளூரோ கார்பன். தீப்பிடிக்காது, விஷமில்லை. டூபான்ட் கம்பெனி அதை 'பிரீயான்' என்ற பெயரில் உலகமெங்கும் விற்றது. குளிர்பெட்டி, வாசனைப் பீச்சான், மெத்தை நுரை என்று எங்கும் அதுதான். 1974இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரோலண்டும் மொலினாவும் எச்சரித்தார்கள்: இந்த வாயு கீழே அழியாது, மேலே போய்ப் புற ஊதாக் கதிரில் உடையும், வெளிப்படும் ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் வரை ஓசோன் மூலக்கூறுகளைத் தின்னும் என்று. கம்பெனிகள் என்ன செய்தன? இன்னும் நிரூபணமாகவில்லை, அவசரப்பட்டால் தொழில் நாசமாகும் என்று கூவின. பதினைந்து வருஷத்துக்குக் கிட்ட இந்தக் கூச்சலிலேயே ஓடியது. அமெரிக்காவில் 1978இல் பீச்சான்களில் மட்டும் தடை வந்தது. மற்றவற்றில் விற்பனை நிற்கவில்லை.

இதற்கிடையில், தென் துருவத்தில் ஹாலி என்ற இடத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து வருஷா வருஷம் சலிக்காமல் ஓசோனை அளந்துகொண்டே இருந்தார்கள். அதே காலத்தில் நம் கொடைக்கானலிலும் அளந்தார்கள். ஆர்ப்பாட்டமில்லாத வேலை, பலன் உடனே தெரியாத வேலை. 1985இல் பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் வெளியிட்ட கணக்கு உலகத்தை உலுக்கியது. அக்டோபர் மாதங்களில் ஹாலிக்கு மேலே இருந்த ஓசோனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

அக்டோபர் அங்கே வசந்தம். பனிக்கட்டி உருகி, நுண்பாசி பொங்கி விளையும் பருவம். நாற்று நட்டு வேர் பிடிக்கும் வேளையில் கூரை பிய்ந்தது போல! 1990இல் அந்தக் கடலில் ஆராய்ந்தவர்கள் 1992இல் கணக்குச் சொன்னார்கள்: ஓட்டைக்குக் கீழே பனி விளிம்பில் நுண்பாசியின் விளைச்சல் 6 முதல் 12 சதவீதம் குறைந்தது என்று. அந்தப் பாசியைத் தின்பது நம் ஊர்க் கூனி இறால் போன்ற கிரில். கிரிலைத் தின்பவை பெங்குவினும் திமிங்கலமும். நிறமில்லாத இரத்தம் ஓடும் பனிமீன் என்று அங்கே ஒரு மீன் உண்டு. அதன் முட்டைகளில், கதிர் கூடிய நாள்களில் ஒட்டிய இழைகள் கூடியிருப்பதை 1997இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது.

மிகைப்படுத்திச் சொல்லி உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. கனடாப் பக்கத்து வளைகுடாவில் காட் மீன் முட்டைகளை ஆராய்ந்தவர்கள், கலங்கல் நீரின் காப்பால் அங்கே கதிர்ச் சாவு சொற்பமே என்று கண்டார்கள். கடல் முழுவதும் செத்துப் போகவில்லை. ஆனால் கூரை மேலும் பிய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஆராய்ச்சிக்கூடத்து முட்டைகள் சொல்கின்றன.

பணம் யார் கட்டுவது?

1987 செப்டம்பர் 16இல் மாண்ட்ரீலில் ஒப்பந்தம் ஆயிற்று. 1988 மார்ச்சில் டூபான்ட் தானும் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மாற்றுச் சரக்கை விற்கும் வழியும் அதற்குள் தெரிந்திருந்தது! இந்தியாவும் சீனாவும் ஆரம்பத்தில் கையெழுத்துப் போடவில்லை. அது முரட்டுப் பிடிவாதம் அல்ல. கூரையைப் பிய்த்தவர்கள் பணக்கார நாடுகளின் கம்பெனிகள். புது வாயுவுக்கு மாறும் செலவை மட்டும் ஏழை நாடுகள் தாமே சுமக்க வேண்டுமா என்று கேட்டன. அந்தப் போராட்டத்தால் 1990இல் லண்டனில் பொது நிதி ஒன்று ஏற்பட்டது. முதல் மூன்று வருஷத்துக்கு 16 கோடி டாலர். இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி. 1992இல் இந்தியா சேர்ந்தது. 2008இல் இங்கே இந்த வாயுவின் உற்பத்தி நின்றது.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தடை செய்த வாயுக்களில் ஒன்று மீண்டும் காற்றில் கூடுவதாக 2018இல் தெரிந்தது. 2019இல் அதில் கணிசமான பங்கு கிழக்குச் சீனத்திலிருந்து வருவதாக அளந்து காட்டினார்கள். செங்கொடி பறக்கும் நாடு என்பதற்காக நாம் இதை மூடி மறைத்தால் நம் பேச்சை யார் மதிப்பார்கள்? உலகக் கண்காணிப்பும் நடவடிக்கையும் வந்தபின் அந்தப் புகை வேகமாகக் குறைந்தது என்பதும் உண்மை.

2023இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இதே கட்டுப்பாடு தொடர்ந்தால் தென் துருவத்து ஓசோன் 2066 வாக்கில் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும். வட துருவத்தில் 2045, மற்ற இடங்களில் 2040. அதற்குள் வேறு தொல்லைகள். கடல் சூடேறுவதால் மேல்தண்ணீரும் ஆழ்தண்ணீரும் கலப்பது குறைந்து, நுண்பாசி கதிர் பாயும் தட்டிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. கரிவாயு கூடிக் கடல் புளிப்பேறுவதால், சில பாசிகளின் சுண்ணாம்புச் சட்டை மெலிந்து கதிர் உள்ளே புகுகிறது என்று 2009இல் சீன விஞ்ஞானிகள் காட்டினார்கள். பணக்கார உல்லாசப் பயணிகள் பூசும் வெயில் களிம்பிலும் ஒரு வினை. அதில் உள்ள ஆக்ஸிபென்ஸோனைக் கடல் சாமந்தி தன் உடம்பில் மாற்றும்போது அது வெயிலில் விஷமாகிறது. உடனிருக்கும் பாசி அந்த விஷத்தை உறிஞ்சிக் காக்கிறது. சூட்டால் பாசி போய் வெளுத்தவை சீக்கிரம் சாகின்றன. 2022இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் இதை வெளியிட்டார்கள். ஹவாயில் அந்தக் களிம்பின் விற்பனைக்கு 2021 ஜனவரி முதல் தடை.

இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. மீன் சினை சாப்பிட்டால் நமக்கு வெயில் காப்பு வருமா என்று ஒரு தோழியர் கேட்டிருக்கிறார். சினை நல்ல சாப்பாடு, கிடைத்தால் சாப்பிடுங்கள். ஆனால் அது தோலில் போய் நிற்கும் என்று யாரும் காட்டவில்லை. நம் பிரதேசத்தில் சூரியன் உச்சியில் நிற்கிறது, ஓசோனும் இயல்பாகவே கொஞ்சம் மெல்லிசு. உச்சி வேளையில் தலைக்குத் துண்டும் முழுக்கைச் சட்டையும்தான் காப்பு. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வயலில் நிழல் ஓய்வு வேண்டும் என்று சங்கம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது சீட்டு ஒர்க்‌ஷாப் தோழருடையது. வெல்டிங் கண்ணாடியைச் சொந்தக் காசில் வாங்கச் சொல்கிறார்களாம். கண்ணுக்கு மறைப்போ கண்ணாடியோ கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35ஆவது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் அந்தத் தோழர் சங்கச் செயலாளரைப் பார்க்கவும். நாளைக்கே மானேஜருக்கு மனு போகட்டும்.